பேஸ் டிரம்முக்குள் ஒரு ரஜாய்

தில்லியின் அந்த ஜாஸ் கிளப்பில் டிரம்மர் பேஸ் டிரம்மைக் காலால் மிக மெதுவாக அடித்தார். காதில் எதுவும் விழவில்லை. ஆனால் மேஜைக்கடியில் என் உள்ளங்கால் அதிர்ந்தது.

சிறு வயதில், மோதி பாக் காலனியின் பொங்கல் விழாவில் அண்ணன் கீபோர்டில் ஜாஸ் வாசித்தான்; நான் டிரம்ஸ். தீபாவளியிலிருந்தே பழகியிருந்தேன். மேடையில் எவ்வளவு மிதித்தும் பேஸ் டிரம் மட்டும் பேசவில்லை.

"அண்ணா, சத்தமே வரலையே."

"ஜாஸ்ல அது கேக்கக் கூடாதுடி, உணரணும். எனக்குக் கால் வரைக்கும் வருது பாரு."

பூரித்துப்போய் மிதித்தேன். வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள்: "என் ரஜாய் எங்கேடா?" அண்ணன் குளிருக்குப் போர்த்தும் அந்தக் கனத்த பஞ்சு ரஜாயை டிரம்முக்குள்ளிருந்து இழுத்து இழுத்து எடுத்தான். "எல்லா டிரம்மரும் உள்ள துணி வைப்பாங்கம்மா" என்றான். நானும் நம்பினேன்.

இப்போது கிளப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் கேட்டேன். "அன்னிக்கு உனக்கு நிஜமாவே கால்ல வந்துச்சா?"

மேடையிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. "நீ தாளம் தப்புவே. அத்தனை பேர் முன்னாடி ரிஸ்க் எடுக்க முடியுமா?"

அவன் கால் டிரம்மோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தது. நான் என் கால்களைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலியில் மடித்துக்கொண்டேன்.