மாத்திரை தந்த பசி

என் மனைவி அந்த நாட்களில் சாப்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. காலையில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும். கொஞ்ச நேரத்திலேயே போத்தனூரில் இருக்கும் என் மோட்டார் ரிவைண்டிங் கடைக்கு போன் வரும். "ஏனுங்க, பசிக்குதுங்க." மத்தியானம் அரிசியும் பருப்பும் சாதத்தில் நெய்யை ஊற்றி, எனக்கு வைத்ததைப் போல இரண்டு பங்கு சாப்பிடுவாள். முகம் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து கொறித்துக் கொறித்துச் சாப்பிட்டவள் அவள். எல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை செய்த வேலை.

அதற்கு முன்னால் வீட்டில் சிரிப்பே இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு நாள் வகுப்பில் பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு, மீதி தெரியாமல் சாக்பீஸும் கையுமாக நின்றுவிட்டாள். பிறகு பேச்சு குறைந்தது. எந்நேரமும் தூக்கம். ஸ்கேன் எடுத்தோம். மூளையின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கட்டி என்று சொல்ல உருண்டையாக எதுவும் இல்லை. படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றிய மருந்தும் அந்த இடத்தில் பளிச்சென்று பிடிக்கவில்லை. அதனால் முதலில் பார்த்த டாக்டர், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கியதால் வந்த வீக்கமாக இருக்கலாம் என்று ஸ்டீராய்டு கொடுத்தார். ஒரே வாரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து, என் சட்டையில் பட்டன் இல்லை என்று சண்டை பிடித்தாள். அந்த டாக்டருக்குக் கோயில் கட்டலாம் போல இருந்தது எனக்கு.

தாராபுரம் அவளுடைய ஊர். கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அமராவதியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்று, பெண் பார்க்க வந்த அன்று நான் போட்டிருந்த பச்சைச் சட்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அதப் பாத்துப்போட்டு, வேண்டாம்னுதாங்க சொல்லலாம்னு இருந்தேன்." இத்தனை வருஷத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. திரும்பும் வழியெல்லாம் கடலை தின்றுகொண்டே பேசினாள். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

அடுத்த ஸ்கேனில் வெள்ளை பெரும்பாலும் மறைந்திருந்தது. எதற்கும் கேட்டுவிடலாம் என்று இன்னொரு டாக்டரம்மாவிடம் போனோம். கையில் இனிப்பு டப்பா வேறு வைத்திருந்தேன். அவர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு சீக்கிரம் கரையறதுதான் எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க. மூளையில லிம்போமான்னு ஒரு புத்துநோய் வரும். வழக்கமாக் கட்டியாத் தெரியும். அபூர்வமா இப்படிப் படர்ந்தும் வரும். ஸ்டீராய்டு குடுத்தா அதும் கரைஞ்சு ஒளிஞ்சுக்கும். இப்பச் சதை எடுத்து டெஸ்ட் பண்ணுனா ஒண்ணும் கெடைக்காமப் போயிரலாம். மாத்திரையக் கொஞ்சங் கொஞ்சமா நிறுத்திப்போட்டு, அது மறுபடி தெரியறப்ப எடுக்கலாமுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்லா இருக்கறவளப் படுக்க வெச்சுப்போட்டுத்தான் நோயக் கண்டுபுடிப்பீங்களா?"

என் மனைவிதான் கையைப் பிடித்தாள். "ஏனுங்க, கடைக்கு வந்தா மட்டும் நல்லா ஓடற மோட்டாருக்கு நீங்க என்னங்க சொல்லுவீங்க?"

தோட்டத்தில் நின்று நின்று ஓடும் மோட்டார், கடையில் போட்டால் கம்மென்று ஓடும். பிரித்துப் பார்த்தாலும் கோளாறு அகப்படாது. கொண்டுபோய் ஓட்டுங்கள், மறுபடி நின்றால் எடுத்து வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அது அவளுக்குத் தெரியும். ஆனால் நின்ற பிறகு இவள் மறுபடி ஓடாமலே போய்விட்டால்? அந்தப் பயத்தோடேதான் சரியென்று தலையாட்டினேன்.

மாத்திரை குறையக் குறைய, முதலில் பசி போனது. அப்புறம் பேச்சு. ஒரு காலையில் சந்தகைத் தட்டை முன்னால் வைத்தேன். அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஸ்கேனில் வெள்ளை திரும்பி வந்தது. இந்த முறை ஓரிடத்தில் மருந்து பிடித்துப் பளிச்சென்றும் தெரிந்தது. அங்கிருந்துதான் சதை எடுத்தார்கள். லிம்போமாதான். புற்றுநோய் என்று கேட்டு நிம்மதியாக மூச்சு விட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்னதென்று தெரிந்துவிட்டதால், அதற்குரிய கீமோவைத் தள்ளிப்போடாமல் ஆரம்பித்தார்கள்.

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்துவிட்டாள். இப்போது பழையபடி கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள், அளந்து பேசுகிறாள். கணக்குகூட வருகிறது. அந்த மாத்திரை நாட்கள் மட்டும் சுத்தமாக நினைவில் இல்லை. நோய் தின்றதோ, மருந்து தின்றதோ.

போன வாரம் எல்லாவற்றையும் உட்கார்ந்து சொன்னேன். ஆற்றில் நின்றதை, சிரித்ததை, வழியெல்லாம் பேசியதை. யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானா அவ்வளவு பேசுனேன்?" என்றாள். பிறகு எழுந்துகொண்டே, "உங்களுக்கு அவளத்தான் ரொம்பப் புடிச்சிருக்கும் போல இருக்குதுங்க" என்றாள்.