பனியில் போட்ட துண்டும் ஆண்டவரிடம் கேட்ட அடையாளமும்

போன வாரம் கடவுளுக்கே தேர்வு வைத்தேன்!

(டீச்சர் புத்தி. எங்கே போனாலும் விடாது.)

விஷயம் இதுதான். வீட்டின் பின்னால் எங்களுக்குப் பத்து மிளகுக் கொடி உண்டு. என் வீட்டுக்காரர் அதற்கே எஸ்டேட் முதலாளி போல ஏணி போட்டு ஏறினார். ஏறினவர் இறங்கவில்லை, விழுந்தார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து விலகிவிட்டது.

நாமக்கல் டாக்டர் பாதி மாவுக்கட்டு போட்டு, "வீக்கம் வடியட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள அட்மிட் ஆகிடுங்க. பிளேட் வெச்சாத்தான் பழையபடி நடப்பாரு" என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

மலை மேலே எங்கள் வளப்பூர் நாட்டுக்குத் திரும்பி வந்ததும் இவர் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"ஏம்புள்ள, நீ ஜெபம் பண்ணிக் கேளு. நீ போலாம்னா போலாம், வேண்டாம்னா வேண்டாம்."

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். என் அப்பா ஆபரேஷனுக்கு உள்ளே போய்த் திரும்பி வராதவர். எனக்கு அந்த ஆபரேஷன் அறைக் கதவை நினைத்தாலே பயம்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு வேதப் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்தேன். எந்தக் கோத்திரத்துக்கு எந்த எல்லை என்ற பட்டியல் வந்தது. (பட்டா பிரச்சினை இருந்தால் உதவியிருக்கும்.)

அப்புறம்தான் ஞாயிறு பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. ஒருவர் ஆட்டுத்தோலை வெளியே போட்டு, அது நனைகிறதா, காய்கிறதா என்று கடவுளிடம் அடையாளம் கேட்பாரே, அது!

ஆட்டுத்தோலுக்கு எங்கே போவது? ஒரு தேங்காய்ப்பூத் துண்டை வாசல் கல்லில் விரித்தேன். "ஆண்டவரே, காலையில் இது நனைந்திருந்தால் ஆபரேஷன்."

காலையில் பிழிந்தால் அரை வாளி தண்ணீர்.

விவரம் கேட்டு இவர் வலியோடு சிரித்தார். "இந்தப் பனியில நனையாத பொருள் ஒண்ணு இந்த மலையில இருந்தா காட்டு பாப்போம்!"

நியாயம்தானே? ஆகவே மறு தேர்வு. "ஆண்டவரே, தரை நனைந்து துண்டு மட்டும் காய்ந்திருந்தால் ஆபரேஷன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது நடக்காது என்று தெரிந்துதான் கேட்டேன். ஆபரேஷன் வேண்டாம் என்று ஆண்டவர் வாயாலேயே சொல்லவைக்கப் பார்த்தேன்.

விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன், தரையெல்லாம் ஈரம். துண்டு மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கிறது!

அதில் புகை வாசனை வேறு! (அக்கினியே இறங்கி வந்துவிட்டது என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.)

"அல்லேலூயா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஊட்டு சின்னப்பொண்ணு ஓடி வந்தார். பெயர்தான் சின்னப்பொண்ணு, வயது என் வயது. சாணிக் கை.

"என்னாச்சுங்க டீச்சர்?"

"துண்டு நனையவே இல்லீங்க!"

"எப்புடி நனையும்? பனி எறங்கறதுக்கு முன்னாடியே நாந்தானுங்க எடுத்துட்டுப் போயி எங்க அடுப்புக்கு மேல கொடியில போட்டேன். இப்பத்தான் கொண்டாந்து, நீங்க எந்திரிக்கலைன்னு இருந்த எடத்துலயே விரிச்சேன். ரெண்டு நாளா வெளிய கெடக்குதே, அண்ணனப் பாக்கற நெனப்புல மறந்துட்டீங்களாட்ட இருக்குதுன்னு."

இங்கே பனிக்காலத்தில் எல்லார் வீட்டுத் துணியும் அடுப்புக்கு மேல்தான் காயும். அது எனக்குத் தெரியாதா என்ன?

அப்படியே கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கதை உட்பட.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. "நாங்களும் கோயில்ல பூப் போட்டு சாமிகிட்ட வாக்குக் கேப்பமுங்க. புடிக்காத பூ வந்தா இன்னொருக்கா போடுன்னு பூசாரிகூடச் சண்டையும் போடுவம்" என்றார்.

(என்னை மாதிரி ஆட்கள் எல்லா மதத்திலும் உண்டு போல.)

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்க டீச்சர், வழி தெரியலைன்னா சாமிகிட்ட வழி கேக்கலாம். உங்களுக்குத்தான் டாக்டரு வழி சொல்லிட்டாரே. பயமா இருந்தா தொணைக்கில்ல கூப்புடோணும்?"

எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று ஜெபத்தில் எந்த அடையாளமும் கேட்கவில்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது ஆண்டவரே, துணைக்கு வாரும்" என்று சத்தமாகவே சொன்னேன். இத்தனை நாளில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான்.

வியாழக்கிழமை வேன் வந்தது. இவரைப் படுக்கவைத்து நான் ஏறினால், சின்னப்பொண்ணு ஒரு மஞ்சப்பையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்!

"நீங்க எங்கீங்க?"

"தொணைக்குத்தான். நீங்க கூப்புட்டது எங்கூடு வரைக்கும் கேட்டுதுங்களே!"

மலைப்பாதையின் எழுபது வளைவுக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார், புண்ணியவதி.

நேற்று ஆபரேஷன். அந்தக் கதவு மூடினபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் கையைச் சின்னப்பொண்ணு பிடித்துக்கொண்டார்.

மூன்று மணி நேரம் கழித்து இவரை வெளியே கொண்டுவந்தார்கள். சாயங்காலம் வார்டுக்கு வந்த டாக்டர், "கால் கட்டைவிரலை அசைங்க பார்க்கலாம்" என்றார்.

அசைந்தது.

நான் ஓவென்று அழுத அழுகையில் அடுத்த கட்டில் அம்மா பதறி எழுந்துவிட்டார். "ஏஞ்சாமி, என்ன ஆச்சு கண்ணு?"

"வெரலு அசைஞ்சிருச்சுங்கம்மா!"

பாவம், அந்த அம்மாவும் சேர்ந்து அழுதார்.

உங்களில் யாராவது ஒரு கட்டைவிரலுக்காக ஆஸ்பத்திரியையே கூட்டியிருக்கிறீர்களா? இல்லை, நான் ஒருத்திதானா?