தண்ணீர் பட்டதா என்று கேட்டார்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். மானிட்டர் முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே நான் வரைந்துகொண்டிருந்த வீட்டின் மாடிப்படி துண்டு துண்டாகத் தெரிந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஐந்து நிமிடம் ஒழுங்காக இருந்தது. பிறகு சின்னச் சின்னக் கட்டங்கள் மினுக்கின. அப்படியே திரை கறுத்துவிட்டது.

வீடுகளைக் கட்டுவதற்கு முன்பே படமாக்கிக் காட்டுவது என் வேலை. கோயம்புத்தூரில் ஓர் ஆர்க்கிடெக்ட் அம்மா வரைபடம் அனுப்புவார். கட்டபெட்டில் எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு அதற்குச் சுவர் எழுப்பி, டைல்ஸ் ஒட்டி, ஜன்னல் வழியே வெயில் விழவைத்து, போட்டோ எடுத்ததுபோலச் செய்து அனுப்புவேன். கடைசியில் அந்தப் படத்தை உண்டாக்குவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுதான். அது இல்லாமல் செய்தால் ஒரு படத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அந்த வாரம் ஆறு படம் தரவேண்டும். இரண்டுதான் முடிந்திருந்தது. வீடு கட்டப்போகிறவர் வெளிநாட்டிலிருந்து வருகிறார், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்ப்பார் என்று அந்த அம்மா இரண்டு முறை சொல்லியிருந்தார்.

கார்டு ஏன் கெட்டது என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்து மூன்று வாரமாகியிருந்தது. எங்கள் வீட்டில் எந்தத் துணியும் காயவில்லை. சிபியு பெட்டியின் மேல்பக்கம் வலை போட்டிருக்கும். வேலை ஓடும்போது அதன் வழியே சூடான காற்று வரும். மழைக்காலம் தொடங்கிய புதிதில் என் கணவர் தன் ஈரக் குல்லாவை அதன்மேல் காயவைத்தார். நான் சத்தம் போட்டேன். சோறு போடுகிற பெட்டி, அதன்மேல் ஈரத்தை வைப்பீர்களா என்று கேட்டதில் அவர் முகம் சுண்டிப்போய்க் குல்லாவை எடுத்துக்கொண்டு போனார். அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மகளுக்கு மறுநாள் போட்டுப்போகச் சாக்ஸ் ஒரு ஜோடிகூடக் காயவில்லை. யூனிபார்ம் சரியில்லை என்று ஏற்கெனவே டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். நன்றாகப் பிழிந்துதான் அந்தப் பெட்டிமேல் விரித்தேன். அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தவள் சமையலில் மறந்துபோனேன். எடுக்கும்போது சாக்ஸ் காய்ந்திருந்தது. வலையின் ஓரத்தில் ஒரு சொட்டு நின்றதைத் துணியால் துடைத்தேன். உள்ளே போன சொட்டுகளைப் பற்றி யோசிக்கவில்லை, யோசிக்க விரும்பவில்லை. அதன்பிறகு ஐந்து நாள் கம்ப்யூட்டர் ஓடியதால் தப்பித்தோம் என்றே இருந்தேன்.

மதியம் சாப்பிட வந்த கணவரிடம் கார்டு போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் டீ ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கிறார். எதையும் உடனே முடிவு செய்கிற ஆள். புதிதாகவே வாங்கிவிடலாம், ரிப்பேர் பார்த்தால் தலைவலிதான் என்றார். கார்டு வாங்கிய கோயம்புத்தூர் கடைக்குப் போன் செய்தேன். வாரண்டி போன வருடமே முடிந்துவிட்டது. புதுக்கார்டு கூரியரில் அனுப்பலாம், ஆனால் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டிகள் சுற்றிப் போவதால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். இப்போது வருகிற கார்டுகளுக்குக் கரண்ட் அதிகம் வேண்டும், என் பெட்டியில் இருக்கும் பவர் சப்ளை தாங்காது, அதையும் மாற்றவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் இதெல்லாம் நடக்காது. ரிப்பேருக்குக் கொடுத்தாலோ, பிழைக்குமா என்று தெரியாது. பிழைத்தாலும் பாதி வேலையில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அன்று முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன். ஆர்க்கிடெக்ட் அம்மா, வேலை எப்படிப் போகிறது என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருந்தார். போய்க்கொண்டிருக்கிறது மேடம் என்று பதில் போட்டேன்.

புதன்கிழமை கணவர் லீவு போட்டார். கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொண்டு ஊட்டி பஸ் ஏறினோம். வெளியே ஒன்றும் தெரியாத பனி. தொட்டபெட்டா முக்கு வந்ததே கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. டப்பாவை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ தெரியவில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கடை. கம்ப்யூட்டர் போர்டுகளைப் பழுது பார்க்கிறவர், ஐம்பது வயதிருக்கும், ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். கார்டைத் தன் மெஷினில் மாட்டிப் போட்டுப் பார்த்தார். அதே கோடுகள். விளக்கைக் கிட்டே இழுத்துக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“தண்ணி ஏதாச்சும் பட்டுச்சுங்களா மேடம்?”

கணவர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“இல்லீங்கண்ணா,” என்றேன்.

கடைக்காரர் தலையாட்டிக்கொண்டார். அப்படியென்றால் சிப்பு ஒட்டியிருக்கிற இடத்தில் ஈயப் பற்று விட்டுப்போயிருக்கும், வருடக்கணக்கில் சூடாகிச் சூடாகி அப்படி ஆவது உண்டு என்றார். சூடான காற்றைப் பாய்ச்சி அந்த ஈயத்தை இளக்கி மறுபடி ஒட்டவைத்துப் பார்க்கலாமாம்.

“பாதிக்குப் பாதிதானுங்க. எந்திரிச்சா எந்திரிக்கும். இல்லைன்னா இப்ப காட்டுற கோட்டைக்கூடக் காட்டாது. அப்புறம் புதுசுதான். செய்யட்டுமான்னு நீங்கதான் சொல்லோணும்.”

கணவர் என்னைப் பார்த்தார். உன் வேலை, நீயே சொல் என்றார். செய்யுங்கள் என்றேன். கையில் ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன், அதை முடித்துவிட்டு அரை மணியில் எடுக்கிறேன் என்றார் அவர்.

கீழே இறங்கி டீ குடித்தோம். கணவர் கேரட்டும் பீன்ஸும் வாங்கிவருவதாக மார்க்கெட்டுக்குள் போனார். நான் டீக்கடை பெஞ்சிலேயே இருந்தேன். டாக்டரிடம் வேறு ஏதோ சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டதுபோல இருந்தது எனக்கு. கடைக்காரர் கேட்டது வெறும் பேச்சுக்காக இல்லை. அதற்கு நான் சொன்ன பதிலை வைத்துத்தான் சூடு காட்டுகிறேன் என்றார். உண்மையைச் சொன்னால் கணவருக்குத் தெரிந்துவிடும். குல்லாவுக்காக நான் போட்ட சத்தம் அவருக்கும் ஞாபகம் இருக்கும். சொல்லாவிட்டால் கார்டு ஒரேயடியாகப் போகலாம். போனால் அது சூட்டினாலா சாக்ஸினாலா என்று யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்த உடனேயே என்மேல் எனக்கு அருவருப்பாகிவிட்டது. பாதி டீயை வைத்துவிட்டு மாடிப்படி ஏறினேன்.

லேப்டாப் வேலை முடிந்துவிட்டிருந்தது. கார்டின் விசிறிகளைக் கழற்றிவைத்திருந்தார். சூடு காட்டுகிற கருவியை எடுத்து ஊதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, தண்ணி பட்டுச்சுங்க. அப்ப பொய் சொல்லிட்டேனுங்க,” என்றேன்.

அவர் கருவியை அணைத்துவிட்டார். கோபப்படவில்லை. எப்போது, எவ்வளவு, அதன்பிறகு எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாக்ஸ் என்றதும் மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரிய லென்ஸை இழுத்துவைத்துக்கொண்டு கார்டின் ஒவ்வொரு மூலையாகத் தேட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். எறும்புத் தலை அளவு சாமான்கள் வரிசையாக இருந்தன. அதில் இரண்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, ஓரம் பச்சை கட்டியிருந்தது.

இதற்குச் சூடு தேவையில்லை என்றார். ஸ்பிரிட் போட்டுக் கழுவி, அரித்துப்போன சாமானை எடுத்துவிட்டு, செத்துப்போன வேறு கார்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தால் போதுமாம். நான் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்களா என்று கேட்டேன்.

“பாத்திருப்பேனுங்க. பாக்காமலும் போயிருப்பேன்,” என்றார்.

கணவர் காய்கறிப் பையோடு மேலே வந்தபோது கடைக்காரர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஈரச் சாக்ஸ் பண்ணின வேலைங்க, சூடு காட்ட வேண்டியதில்லை என்று அவரிடம் இயல்பாகச் சொன்னார். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கேயே இரண்டு மணி நேரம் கார்டை ஓடவிட்டுச் சோதித்தோம். கோடு வரவில்லை. மானிட்டர் வயர் மாட்டும் மூன்று வாயில் ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை. அது போகட்டும் என்றார் கடைக்காரர்.

கிளம்பும்போது கணவர் அவரிடம் நேராகக் கேட்டார். இதை நம்பலாமா, இல்லை இன்றைக்கே புதுசுக்குச் சொல்லிவிடலாமா? ஈரம் பட்ட சாமான் ஒரு வாரமும் ஓடும், மூன்று வருடமும் ஓடும், தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் அவர். படிக்கட்டில் இறங்கும்போது, புதுசுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கணவர் போனை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். இந்த வேலை முடியட்டும், அது எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தைரியம் இருந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அதை நம்பினேன் என்று சொல்ல முடியாது.

பஸ்ஸில் வெகு தூரம் வந்தபிறகுதான் கணவர் சாக்ஸ் பேச்சை எடுத்தார்.

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன பயம் உனக்கு?”

“குல்லாவுக்கு அத்தனை பேசிட்டு, நானே அதைப் பண்ணிட்டேன்னு எப்படிங்க சொல்றது?”

அவர் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வருத்தப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தது. குல்லாவுக்காகவா, பொய்க்காகவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே மூன்றாவது படத்தை ஓடவிட்டேன். படம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் எண் திரையில் மெதுவாக ஏறியது. பன்னிரண்டு, பதின்மூன்று. எழுந்து போனால் நின்றுவிடுமோ என்று தோசை ஊற்றக்கூடப் போகவில்லை. மகளுக்குக் கணவர்தான் ஊற்றிக் கொடுத்தார். விசிறிச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். நாற்பதில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து ஓடியது. பத்து மணிக்கு ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். கார்டு கெட்டுப்போனதையும், செவ்வாய்க்கிழமை அதை மறைத்ததையும், எத்தனை படம் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததையும் சொன்னேன். முன்பக்கமும் ஹாலும் கட்டாயம் வேண்டும், மற்றதை வைத்துச் சமாளிக்கிறேன், ஆனால் இதை அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும் என்றார். குரல் இறுக்கமாக இருந்தது. அப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டியவள்தான் நான்.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று படம் வந்துவிட்டது. கடைசிப் படம் வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு முடிந்தது. ஆறையும் அனுப்பிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பதினொன்றரைக்கு ஆர்க்கிடெக்ட் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வீடு கட்டப்போகிறவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு மாற்றம்தான். மரக்கதவுகளின் நிறம் கொஞ்சம் கறுப்பாக வேண்டும். ஆறு படத்திலும் கதவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் கிடைக்குமா என்று கேட்டார். கார்டு தாங்கினால் கிடைக்கும் மேடம் என்றேன்.

கணவரிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். புதன்கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். மதியம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு பின்னறைக்கு ஒரு நாற்காலியை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கதவின் நிறத்தை மாற்றி முதல் படத்தை ஓடவிட்டேன். எண் ஏழைத் தொட்டபோது, இப்படித்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாயா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் ஆபீஸுக்குத் திரும்பும்போது எண் முப்பத்தொன்றில் இருந்தது.