சுபலட்சுமி ஒளித்துவைத்த படம்

என் அண்ணன் பிச்சைக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் சுபலட்சுமி, எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இளையவள் பானுப்ரியா, ஸ்ரீரங்கத்தில். இருவரும் திருச்சியில் ஒரே கல்லூரிக்கு பாஸ்கெட்பால் ஆடியவர்கள். சுபா கேப்டன், பானு ஒரு வருஷம் சின்னவள். கொழுந்தனுக்குப் பெண் தேடியபோது பானுவைச் சொன்னதே சுபாதான். அதற்காக அவள் தன்னை நொந்துகொள்ளாத நாளில்லை.

பந்தோடு ஓடி, நாலு பேரை ஏய்த்துக் கொடுப்பவள் சுபா. வாங்கிக் கூடையில் போடுபவள் பானு. கைதட்டல் போட்டவளுக்கு. கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதை. வீட்டுக்கு யார் வந்தாலும் என் அண்ணன், "எங்க சின்ன மருமக பெரிய பிளேயருங்க" என்பார். காபி டம்ளரோடு நிற்கும் சுபாவைக் காட்டி, "இதுவும் ஆடும்" என்பார்.

போன வருஷம் அந்தக் கல்லூரி அணிக்கு ஐம்பது வருஷம் நிறைந்தது. இதுவரை ஆடியவர்களில் தலைசிறந்த ஐந்து பேரின் படத்தை மைதானத்துச் சுவரில் வைப்பதாக முடிவு. பழைய கோச் ரோசரி மிஸ் சுபாவுக்குப் போன் செய்தார்.

"அஞ்சுல பானுவும் ஒருத்திம்மா. அவ ஆடுற படம் யார்கிட்டயும் இல்ல. அந்த ஃபைனல்ல எடுத்தது உன்கிட்ட இருந்துச்சே?"

"அஞ்சு பேரும் முடிவாயிடுச்சா மிஸ்?"

"ஆயிடுச்சும்மா."

"அந்தப் படம் வீடு மாறினப்ப தொலைஞ்சு போச்சு மிஸ்."

படம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. நான் அன்று அங்கே இருந்ததால் எடுத்துக் காட்டினாள். வளையத்துக்குக் கீழே பானு எம்பி நிற்கிறாள். எதிரே சுபா; பந்து அப்போதுதான் அவள் விரலைவிட்டுக் கிளம்பியிருக்கிறது.

"கொடுத்துடேன். நீயும்தானே இருக்க?"

"என்னை வெட்டிட்டு அவளை மட்டும் போடுவாங்க சின்னம்மா. கல்யாண ஆல்பத்துல வேணா தேடிக்கட்டும்."

அப்படியே தேடிக்கொண்டார்கள். விழாவுக்குக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தால், சுவரில் நாலு பேர் பனியனும் பந்துமாக இருக்கிறார்கள். ஐந்தாவதாக பானு, நெற்றிச்சுட்டியும் மாலையுமாக மணப்பெண் கோலத்தில். படத்தின் ஓரத்தில் அந்த மாலையைச் சரிசெய்யும் ஒரு கை மட்டும். பந்து பட்டு வளைந்த சுண்டுவிரல்.

யாழினி என்று ஒரு மாணவி, இப்போதைய கேப்டனாம், பானுவிடம் கேட்டாள்: "மேடம், அது யாரு கை?"

"இதோ, எங்க அக்கா கைதாம்மா. அன்னிக்கு என்னை அலங்காரம் பண்ணிவிட்டது இவங்கதான்."

"மேடமும் ஆடுவாங்களா?"

பானு வாய் திறப்பதற்குள் என் அண்ணன் முந்திக்கொண்டார். "இதுவும் ஆடும்."

சுபா மறுநாள் காலையில் படத்தோடு ரோசரி மிஸ் வீட்டு வாசலில் நின்றாள்.

"கிடைச்சிடுச்சு மிஸ்."

மிஸ் படத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "கண்ணாடி போட்டுச் சுவத்துல பதிச்சாச்சேம்மா."

இப்போது அந்தப் படம் சுபா வீட்டுக் கூடத்தில், வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறது. பக்கத்தில் சமயபுரம் மாரியம்மன் காலண்டர், பானுவின் முகத்தைப் பாதி மறைத்தபடி தொங்குகிறது. போகும்போதெல்லாம் நான் நகர்த்தி வைக்கிறேன். காபி கொண்டுவரும்போது அவள் திரும்ப இழுத்துவிடுகிறாள்.