காலை முறை மதியமான திங்கள்கிழமை

டயாலிசிஸ் நிலையத்தில் அவளுக்கு ‘சர்வர் அக்கா’ என்று பெயர். அதைக் கேட்டுவிட்டு அவளிடம் ரெண்டு டீ கொண்டுவரச் சொன்ன புது நோயாளிகளும் உண்டு. நோயாளிகளுக்கு முறை ஒதுக்கி, முந்தின நாள் மாலையே நேரத்தை மெசேஜில் அனுப்பும் வலைத்தளம் அவள் கட்டியது. அது ஓடும் சர்வரையும் ஒண்டி ஆளாக மேய்ப்பவள் அவள்தான். ரிசப்ஷனில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தவள், சிறுநீரகம் கெட்டுப்போன அண்ணன் இங்கே நாளெல்லாம் காத்துக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நிரல் எழுதக் கற்றாள்.

தளத்துக்கு அடித்தளமாக இருந்த ஃபிரேம்வொர்க் அரதப் பழசு. இனி ஓட்டை விழுந்தால் எங்களால் அடைக்க முடியாது என்று அதை எழுதியவர்களே கைவிரித்துவிட்டார்கள். புதியதற்கு மாற்றியே ஆக வேண்டும். முதலில் வேறொரு கணினியில் நகல் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஒத்திகைக்கு இருந்த கணினியைக் கணக்குப் பிரிவு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மேனேஜரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில், நிலையம் மூடியிருந்த ஞாயிறு மதியம், தரவுக்கும் தன் நிரலுக்கும் நகல் எடுத்துக்கொண்டு, ஓடுகிற சர்வரிலேயே கை வைத்தாள். பழைய ஃபிரேம்வொர்க்கை மட்டும் நகல் எடுக்கவில்லை. அதுதான் இணையத்தில் சும்மா கிடக்கிறதே!

பக்கங்கள் திறந்தன, பெயர்கள் சரியாக வந்தன. அப்பாடா என்று வீட்டுக்குப் போனாள்.

திங்கள் காலை நர்ஸ் ஓடி வந்தாள். “அக்கா, பாதி நாற்காலி காலியா கிடக்கு! மதியம் வரச் சொல்லி மெசேஜ் வந்துச்சாம்.”

எப்போதோ ஓர் அவசரத்தில், நேரம் உள்ளூர்க் கணக்கில் வருவதற்காக ஃபிரேம்வொர்க்குக்கு உள்ளேயே ஒரு வரியைத் திருத்தியிருந்தாள். செய்யக் கூடாத வேலை. செய்ததையே மறந்தும் போயிருந்தாள். புதியது வந்து பழையதை வழித்தெறிந்தபோது அந்த வரியும் சேர்ந்து போயிற்று. காலை ஏழரை, கிரீன்விச் கணக்கில் வெறும் ‘2 மணி’ என்று மெசேஜில் போயிருந்தது.

போனை எடுத்து ஒவ்வொருவராகக் கெஞ்சினாள். “தப்பா வந்துடுச்சுங்க, உடனே கிளம்பி வந்துடுங்க.” வாசலில் வந்து இறங்கிய பெரியவர் ஒருவர் சிரித்தார்.

“மெசேஜையெல்லாம் யாரும்மா நம்புறா? எனக்கு எப்பவும் காலையிலதான்.”

அண்ணனை மட்டும் அவள் கூப்பிடவில்லை. வருஷக் கணக்காகக் காலை முறைக்கு வருகிறவருக்கு ஊரார் மாதிரி சொல்ல வேண்டுமா?

நாற்காலிகள் நிரம்பின. ஒன்று மட்டும் காலியாகவே இருந்தது. அது அண்ணனுடையது என்று பார்த்ததும் அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். அண்ணி போனை எடுத்ததுமே அழுதாள்.

“விடிஞ்சதுலேர்ந்து மூச்சு வாங்குதுடி. இப்ப பேச்சே வரல. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம், அங்கதான் வர்றோம்.”

“ஏன் அண்ணி காலையிலயே கிளம்பல?”

“கிளம்புங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ‘என் தங்கச்சி அனுப்பினது, தப்பா இருக்காது, மதியம்தான் போகணும்’னு பிடிவாதமா உக்காந்துட்டார்டி.”

அதற்கு மேல் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. சர்வர் அறையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.