வாயு என்று எழுதிய பக்கம்

முதல் முறை நெஞ்சைப் பிடித்தபோது எனக்கு வயது இருபத்து நான்கு. தென்காசி மைதானத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பந்தோடு ஓடிக்கொண்டிருந்தேன். சத்தமெல்லாம் தூரப் போய், யாருடைய கனவிலோ ஓடுவதுபோல் இருந்தது. கண் விழித்தபோது முகமெல்லாம் சோடா.

“வாயுதாம்லே. எண்ணெய் தேய்ச்சு அருவில நில்லு, எறங்கிரும்” என்றான் சுலைமான். எங்கள் கால்பந்து அணியின் சென்டர் பார்வர்டு, என் உயிர் நண்பன்.

மறுநாள் குற்றாலத்தில் நெஞ்சைக் காட்டி நின்றேன். உடம்பே கரைந்து போனதுபோல் சுகமாக இருந்தது. குணமாகிவிட்டது என்றே நம்பினேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஆட்டத்தின் நடுவில் சுலைமான் விழுந்தான். எழவில்லை. அவனுக்கு இருபத்தைந்து நிறையவில்லை. அவன் உதைத்த பந்து மட்டும் மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது. அவன் வீட்டிலும் வாயு என்றார்கள்.

பயந்துபோய்த் திருநெல்வேலியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். படுக்கச் சொல்லி, நிற்கச் சொல்லி ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, நெஞ்சில் ஒரு மாறுபட்ட சத்தம் இருக்கிறது என்றார். இ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரையும் சோதனை) எடுத்தார்.

“இதயத் தசை தடிச்சிருக்கு. ஓடும்போது தாளம் தப்பினா அப்படியே நின்னுரும். இனி பந்து வேண்டாம். உங்க பக்கம் இப்படி விழுந்தவங்க வேற யாரும் உண்டா?”

ஆட முடியாதவனுக்கு வேறென்ன வேலை? செங்கோட்டை, வடகரை என்று பஸ் ஏறி, ஆட்டத்தில் விழுந்தவர்களின் வீடுகளைத் தேடிப் போனேன். பெயர், வயது, காரணம் என்று நோட்டில் எழுதினேன். ஐந்து வீடுகள். ஐந்திலும் காரணம் வாயு.

நோட்டைப் பார்த்த அம்மா சொன்னாள்: “ஒன் பெரியப்பாவும் பந்தடிக்கையில விழுந்துதாம்லே போய்ச் சேந்தாவ. அப்பவும் வாயுன்னுதான் சொன்னாவ.”

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் தம்பி முருகனின் பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வயது, அதே அணி. இருவரும் அந்தப் பூட்ஸையே பார்த்தோம்.

மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு போனேன். அவன் நெஞ்சிலும் டாக்டருக்கு அதே சத்தம் கேட்டது. “இது ரத்தத்துல வர்றது, இவரும் இனி ஆடக் கூடாது” என்றார். பந்தைப் பறித்தவன் நான் என்று முருகன் மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை ஓடும்போது மயங்கினால், வாயு என்று விட்டுவிடாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இந்த வருடச் சாரலில் அவனே வந்து கூப்பிட்டான். ஐந்தருவிக்கு நடந்தோம். ஒரே மூச்சில் ஓடிய ஏற்றத்தில் இப்போது நின்று நின்று போகிறோம். வழியில் இத்தனை மரங்கள் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. அருவிக்குள் போகாமல் தள்ளி நின்றோம். அந்த இரைச்சலிலும் என் துடிப்பு எனக்குக் கேட்டது.

“அண்ணே, இன்னையோட எனக்கு இருபத்தஞ்சு முடிஞ்சிட்டு” என்றான்.

என் தம்பி சுலைமானைவிட மூத்தவனாகிவிட்டான்.