‘கதைச்சுக்கொண்டிரு’ என்று சொன்னவர்

சுன்னாகப் பக்கத்தில் தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் நின்றுபோனால், அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஜெயரூபன் அண்ணையின் கடைக்குத்தான் போவார்கள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இடது காது கேட்காது. தொலைபேசி எடுத்தால், “ஓம். நாலு மணி. வை.” அவ்வளவுதான். “உந்தாளுக்குக் கதைக்கிறதுக்கும் கரண்ட் பில் வருமோ?” என்று தோட்டக்காரர் பகிடி பண்ணுவார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறேன். எங்கள் வாசிகசாலை மலருக்கு ஊரவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருகிறேன் என்று நானாகக் கேட்டு வாங்கினேன். எழுத நினைத்தது வேறு. இப்போது எழுதியிருப்பதை, இதில் வரும் இருவருக்கும் வாசித்துக் காட்டி, ஓம் என்ற பிறகே கொடுக்கிறேன்.

அவர் இயக்கத்தில் பதினொரு வருடம் வோக்கியில் செய்தி பரிமாறும் வேலையில் இருந்தவர். மழை பெய்த ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், எனக்கு அதைச் சொன்னார். காலையில் சங்கேதத் தாள் வருமாம். ஒவ்வோர் ஆளுக்கும் இடத்துக்கும் ஓர் இலக்கம். பின்னேரம் தாளை எரித்துவிடுவார்களாம்.

“தாளை விடவும் முக்கியம் நேரமடா. இருபது செக்கனுக்கு மேலை கதைக்கக்கூடாது. கதைச்சால் எங்கை நிண்டு கதைக்கிறம் எண்டு அங்காலை ஆமிக்காரர் கருவியிலை பிடிச்சிடுவாங்கள். பிடிச்சால் அந்த இடத்துக்குச் செல் குண்டு வரும்.”

“நீங்கள் ஒருநாளும் பிழை விடேல்லையோ?” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

ஒரு நாள் முன்னரங்கிலிருந்து இளங்கதிர் என்பவன் கூப்பிட்டிருக்கிறான். காலில் காயம். இருவரும் ஒரே ஊர், ஒரே வகுப்பு. “வாகனம் வருது, பயப்பிடாதை, கதைச்சுக்கொண்டிரு” என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் மயங்கிவிடக்கூடாது என்ற பதற்றம். அவனும் கதைத்துக்கொண்டே இருந்தான். மூன்று நிமிடம். பிறகு அந்த இடத்திலேயே செல் விழுந்தது.

“அவன்ரை திவசத்துக்கு வருசா வருசம் என்னைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகினம். அவனோடை கடைசியாக் கதைச்ச ஆளெண்டு. அந்தச் சோறு தொண்டையாலை இறங்கிறேல்லை. அதுகளுக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது.”

என் தொலைபேசி மேசையில் கிடந்தது. அது எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. நான் அவரிடம் கேட்கவில்லை.

அன்றே அந்த மூன்று நிமிடக் கதையை மட்டும் வெட்டி, எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன். இருநூறு பேருக்கு மேல் இருக்கும் குழு, பாதிப்பேர் வெளிநாட்டில். திவசக் கதையை நீக்கிவிட்டேன். மிச்சம் இருந்தது இளங்கதிர் என்ற இயக்கப் பெயர்தானே, யாருக்கு விளங்கும் என்று நினைத்தேன். கனடாவிலிருந்து கோபிசங்கர் அண்ணை, “தம்பி, நீ பெரிய எழுத்தாளனா வருவாய்” என்று எழுதினார். அதைப் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன்.

சண்டை முடிந்தபோது எனக்கு மூன்று வயது. பிள்ளையின் சாவுச் செய்தி வீட்டுக்கு வந்தபோது இயக்கப் பெயரோடுதான் வந்தது என்பது எனக்குத் தெரியாது. இளங்கதிரின் வீட்டில் அந்தப் பெயரை யாரும் மறக்கவில்லை. அந்த வீடு எங்கள் பின் ஒழுங்கையில் இருக்கிறது. இளங்கதிரின் தங்கை உதயகலா அக்காவுக்கு வாட்ஸப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். குழுவில் சேர்த்ததும் நான்தான்.

அடுத்த நாள் காலை ஜெயரூபன் அண்ணையிடம் உண்மையைச் சொல்லப் போனேன். ஆனால் மழையைப் பற்றி ஏதோ கதைத்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே உதயகலா அக்கா வந்தா. தோட்டத்து மண் காலில் காயவில்லை. தொலைபேசியை நீட்டி, அந்தப் பதிவைப் போட்டா.

தன் குரலைக் கேட்டதும் ஜெயரூபன் அண்ணை முதலில் என்னைத்தான் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

“இருபத்தைஞ்சு வருசம், அண்ணை,” என்றா அக்கா. “இருபத்தைஞ்சு வருசம் எங்கடை வீட்டிலை இருந்து சாப்பிட்டனீங்கள்.”

“ஓம்.”

“ஒருநாளாவது சொல்லலாமெல்லே?”

“சொல்லியிருக்க வேணும், பிள்ளை.”

“மூண்டு நிமிசம் கதைச்சவனெண்டு உதிலை சொல்லுறியள்.” அக்கா தொலைபேசியைத் தட்டிக் காட்டினா. “மூண்டு நிமிசமும் என்னத்தைக் கதைச்சவன்? அதைச் சொல்லுங்கோ. எனக்கு முழுக்க வேணும்.”

அவர் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினா. என் பக்கம் திரும்பினா.

“நீ வெளியிலை போ. உன்ரை போனையும் எடுத்துக்கொண்டு போ.”

நான் போனேன். அக்கா கடைக்கதவை உள்ளிருந்து சாத்தினா. ஒழுங்கையில் நின்றேன். யாரோ மோட்டரோடு வந்து, “கடை பூட்டோ?” என்று கேட்டார்கள். ஓம் என்றேன். உள்ளே அவர் கதைக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. சொற்கள் காதில் விழாத தூரத்துக்கு நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.